எதிரில் உட்கார்ந்து கேட்பது: வெண்மணியும் தண்டனை பெறாதவர்களைப் பற்றிய ஆவணப்படங்களும்

(பெருங்களத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1973 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் சேரி மக்கள் எரிக்கப்பட்ட வழக்கில் தீர்ப்பளித்தது. இரிஞ்சூர் மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கு நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் 1970-இல் பத்தாண்டுச் சிறை விதித்திருந்தது. அவரோடு சேர்த்து வேறு சில மிராசுதார்களும் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. அதற்கு அது சொன்ன காரணங்களில் ஒன்று இது: குற்றம் சாட்டப்பட்ட 23 பேரும் மிராசுதார்கள், பெரும்பாலோர் செல்வந்தர்கள், ஏராளமான நிலம் உடையவர்கள், நாயுடுவிடம் கார்கூட இருந்தது, அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படியாக இல்லை. அதே ஆண்டு மைதிலி சிவராமன் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் இந்தத் தீர்ப்பைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு 'வெண்மணியின் கனவான் கொலையாளிகள்' என்று பொருள்படும் தலைப்பைக் கொடுத்தார்.

1968 டிசம்பர் 25 இரவு அங்கே மாண்டவர்கள் 44 பேர். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். பண்டாரி ராமய்யாவின் சின்னஞ்சிறு குடிசைக்குள் ஒளிந்துகொண்டவர்கள். அறுப்புக் கூலியாக அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும், செங்கொடியை இறக்கிவிட்டு மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்கு அடங்கி நடக்க மறுத்ததும்தான் அந்தச் சேரி மக்கள் செய்தவை. அந்த இரவில் குடிசைக்குள் நடந்ததை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. உங்களில் பலருக்கு அது தெரியும். தெரியாதவர்கள் உயிர் பிழைத்தவர்களின் வாயால் கேட்க வேண்டும். மேடையில் நின்று நான் அதை வருணித்து உங்கள் கண்ணீரை வாங்குவது முறையாகாது.

நான் பேச வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. அதே நாளில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் தொழிலாளர்கள் தண்டனை பெற்றார்கள். 44 பேரைக் கொன்றதற்காக உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் ஒருவரும் சிறையில் இல்லை. வழக்குக் கட்டை மூடியாயிற்று. அதன் பிறகு அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் யார் செய்தது என்று தெரியும். ஆனால் செய்தவரின் முகத்துக்கு நேரே அந்தக் கேள்வியைக் கேட்க ஓர் இடமில்லை. நீதிமன்றம் கைவிட்ட அந்தக் கேள்வியைக் கேமராவைக் கொண்டு கேட்க முடியுமா? உலகத்தில் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் அதை எப்படிக் கேட்பது என்று யோசித்ததன் விளைவே இந்தப் பேச்சு.

பெருங்களத்தூரில் எதற்காக இதைப் பேச வேண்டும் என்று கேட்கலாம். காவிரிப் படுகை இங்கேதான் குடியேறியிருக்கிறது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கும்வரை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தெற்கே போகிற சனம் பெருங்களத்தூர் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில்தான் மூட்டை முடிச்சுகளோடு காத்துக் கிடந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று ஊர்ப்பெயர் சொல்லி நடத்துநர்கள் கூவியது இந்தச் சாலையில். முடிச்சூர், பீர்க்கன்கரணை, வண்டலூர் பக்கம் மனை வாங்கிக் குடியேறியவர்களில் சேரியிலிருந்து வந்தவர்களும் உண்டு, மிராசுதார் தெருவிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஊரில் ஒரு தெருவார் இன்னொரு தெருவுக்குள் செருப்போடு நடக்க முடியாமல் இருந்த காலம் போய், இங்கே இரு தரப்பின் பேரப்பிள்ளைகளும் ஒரே அடுக்குமாடியின் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார்கள். இன்றைய பேச்சின் கடைசியில் இவர்களிடம்தான் வரப் போகிறேன்.

முதலில் நம் படத்தைப் பற்றி. பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமய்யாவின் குடிசை' 2005-இல் வந்தது. வெண்மணியில் உயிர் பிழைத்தவர்களை உட்கார வைத்துப் பேச விட்ட படம் அது. கதையாகவும் நாவலாகவும் கட்சி மேடையின் ஆண்டு நினைவாகவும் மட்டுமே வெண்மணியை அறிந்திருந்த ஒரு தலைமுறை, அந்த மனிதர்களின் முகத்தையும் குரலையும் முதல்முறை பார்த்தது அதில்தான். கும்பகோணம் பள்ளித் தீ விபத்தைப் பற்றியும் பிறகு படம் எடுத்தவர் அவர். எரிந்துபோன குழந்தைகளை மறந்துவிடாமல் இருப்பதற்காக ஒரு மனிதர் இவ்வளவு உழைத்திருக்கிறார் என்பதற்காகவே தமிழ்நாடு அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

அந்தப் படம் எடுக்கப்பட்டபோது ஒரு நாற்காலியில் உட்கார வைக்கவே முடியாத ஆள் ஒருவர் இருந்தார். கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டார். வெண்மணிக்குப் பழி தீர்ந்தது என்று அன்று பலர் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் நீதி மறுக்கப்பட்டவர்களின் மனநிறைவை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அவரை விடுவித்த நீதிமன்றமும் சரி, அவரை வெட்டிய கையும் சரி, அவர் வாயிலிருந்து ஒரு சொல்லைக்கூட வாங்கவில்லை. அன்று இரவு எங்கே இருந்தீர், யார் யாரை அழைத்தீர், முன்கூட்டியே என்ன பேசினீர்கள், அந்தக் குழந்தைகளைப் பற்றி மறுநாள் காலையில் என்ன நினைத்தீர்? எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாமல் அவர் போய்விட்டார். தண்டனை இல்லாமல் போனது ஓர் இழப்பு. பதில் இல்லாமல் போனது தனி இழப்பு. இரண்டாவதைப் பற்றி நாம் போதிய அளவு துக்கப்படவில்லை என்பது என் எண்ணம்.

இனி மேடானுக்குப் போவோம். சுமத்ரா தீவின் இந்தப் பெருநகரம் தமிழர்களுக்கு அந்நிய ஊர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் டெலி வட்டாரத் தோட்டங்களுக்குத் தமிழ்க் கூலிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். நகரத்தின் ஒரு பகுதிக்கு இன்றும் கம்புங் மெட்ராஸ் என்று பெயர். அங்கே மாரியம்மன் கோவில் 1884-இல் எழுந்தது. அந்த மேடானிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் 1965, 66-இல் நடந்த கொலைகள்தான் ஆவணப்பட இயக்குநர் ஜோஷுவா ஓப்பன்ஹைமரின் இரண்டு படங்களுக்கும் பொருள்.

இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தி ஐந்து லட்சம் பேராவது கொல்லப்பட்டார்கள். பத்து லட்சம் என்றும் அதற்கு மேல் என்றும் மதிப்பிடுவோர் உண்டு. ராணுவம் திட்டம் வகுத்தது. உள்ளூர்க் குண்டர்களும் இளைஞர் படைகளும் கொலையைச் செய்தன. ஓப்பன்ஹைமர் அங்கே போனது கொலையைப் படமெடுக்க அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் ஒரு எண்ணெய்ப் பனைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் தங்கள் போராட்டத்தைத் தாங்களே படமாக்க உதவி செய்யப் போனார். களைக்கொல்லி தெளிக்கும் பெண்கள் பாதுகாப்பு உடை இல்லாமல் நோயுற்றுக் கிடந்தார்கள். சங்கம் வைக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. ஆனால் நடுங்கினார்கள். ஏன் என்று கேட்டபோதுதான் தெரிந்தது: அவர்களுடைய பெற்றோரும் தாத்தா பாட்டியும் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தார்கள் என்பதற்காகவே 1965-இல் கொல்லப்பட்டிருந்தார்கள். கொன்றவர்கள் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள், பதவியிலும் இருந்தார்கள்.

அரைப்படி நெல்லுக்காகச் சங்கம் வைத்தவர்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1940-களில் பி. சீனிவாச ராவ் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகப் பண்ணையாட்களைத் திரட்டியபோது கீழத்தஞ்சையில் எழுந்தது எதுவோ, அதுவேதான் சுமத்ராத் தோட்டங்களிலும் எழுந்தது. அதை அடக்க வந்த கொலையும் ஒன்றுதான். எண்ணிக்கைதான் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகிறது.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மேடானில் கொன்றவர்கள் மறுக்கவில்லை, பெருமை பேசினார்கள். அவர்கள் பக்கம்தான் அரசு இருந்தது. 2012-இல் வந்த 'தி ஆக்ட் ஆஃப் கில்லிங்' படத்தில் அன்வர் காங்கோ என்ற மனிதர், முன்பு சினிமாக் கொட்டகை வாசலில் கள்ள டிக்கெட் விற்றவர், ஒரு மொட்டைமாடியில் நின்று கம்பியைக் கழுத்தில் சுற்றிக் கொல்லும் முறையைச் செய்து காட்டுகிறார். காட்டிவிட்டு நடனம் ஆடுகிறார். அரசுத் தொலைக்காட்சியின் உரையாடல் நிகழ்ச்சியில் அவரை அழைத்து உட்கார வைத்துப் பாராட்டுகிறார்கள், பார்வையாளர்கள் கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல்தான் எனக்கு அந்தப் படத்திலேயே பயங்கரமான காட்சி. ஒரு தனிமனிதனின் வக்கிரத்தைக் காட்டுவதோடு நில்லாமல், ஒரு நாடு எந்தக் கதையின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது.

அந்தப் படத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. கொன்றவர்களுக்கே மேடை, உடை, விளக்கு, வேஷம் எல்லாம் கொடுக்கிறது அது. அவர்கள் தங்கள் கொலைகளைச் சினிமாவாக நடித்துக் காட்டுகிறார்கள். கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் படத்தில் ஏறக்குறைய இல்லை. கடைசியில் அன்வர் அதே மொட்டைமாடியில் குமட்டுகிறார். அதை மனந்திருந்தல் என்று பலர் எழுதினார்கள். என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. வயிறு குமட்டுவது வேறு, செய்த பாவத்தை ஒப்புக்கொண்டு எதிராளியிடம் போய் நிற்பது வேறு. அந்தப் படத்தில் உண்மையான எதிர்கொள்ளல் என்று நான் கருதுவது அதற்குச் சற்று முன்பு வரும் ஓர் இடம். கொல்லப்படுபவனாக நடித்த காட்சியைப் பார்த்துவிட்டு, அவர்கள் பட்டதை நானும் உணர்ந்தேன் என்கிறார் அன்வர். கேமராவுக்குப் பின்னாலிருந்து இயக்குநர் மறுக்கிறார்: இல்லை, அவர்கள் பட்டது இதைவிட எவ்வளவோ கொடுமை, உங்களுக்கு இது படம் என்று தெரியும், அவர்களுக்குச் சாகப் போகிறோம் என்று தெரியும். கொன்றவரின் வார்த்தையை அப்படியே போக விடாமல் தடுத்த அந்த ஒரு குறுக்கீடு இல்லையென்றால் அந்தப் படத்தை நான் மன்னித்திருக்க மாட்டேன்.

2014-இல் வந்த 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. இதில் கேட்பவர் இயக்குநர் அல்ல. கொல்லப்பட்ட ராம்லியின் தம்பி ஆதி. அண்ணன் இறந்த பிறகு பிறந்தவர். தொழில் கண்ணாடி பொருத்துவது. வயதான கொலையாளிகளின் வீட்டுக்குப் போய், சோதனைச் சட்டத்தை அவர்கள் மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே 1965-ஐப் பற்றிக் கேட்கிறார். குரல் உயர்த்துவதில்லை. நடந்தது தவறு என்று நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்கவில்லை. எதிரில் இருப்பவர்கள் கோபப்படுகிறார்கள், மிரட்டுகிறார்கள், பழையதைக் கிளறினால் மறுபடியும் நடக்கும் என்கிறார்கள்.

இந்தப் படத்தில் இரண்டு வீடுகளை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வீட்டில், முதுமையில் தளர்ந்த ஒரு கொலையாளி தன் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தான் கொன்றவர்களின் ரத்தத்தைக் குடித்ததாகச் சொல்கிறார். மகள் அதை அப்போதுதான் முதல்முறை கேட்கிறாள். முகம் வெளுக்கிறது. வந்திருப்பவர் கொல்லப்பட்டவரின் தம்பி என்று தெரிந்ததும் தன் தந்தைக்காக மன்னிப்புக் கேட்டு, இனி நம்மை ஒரே குடும்பமாக நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். இரண்டாவது வீட்டில் கொலையாளி இறந்துவிட்டார். அமீர் ஹசன் என்ற அவர், ராம்லி உட்பட எத்தனை பேரை எப்படிக் கொன்றோம் என்று படம் போட்டு ஒரு புத்தகமே எழுதியவர். 2004-இல், கொலைகள் நடந்த பாம்பு ஆற்றின் கரையில் கூட்டாளியோடு நின்று அதைச் சிரித்தபடி நடித்துக் காட்டிப் புகைப்படமும் எடுத்துக்கொண்டவர். மனைவியும் மகன்களும் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள். அவர்கள் உடனிருக்கவே அவர் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசிய பழைய ஒளிப்பதிவை ஓப்பன்ஹைமர் போட்டுக் காட்டுகிறார். நிறுத்து, வெளியே போ என்கிறார்கள்.

வாரிசுகள் என்ற முறையில் மனிதர்களுக்கு உள்ள வழிகள் ஏறக்குறைய இந்த இரண்டு வீடுகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்தப் படங்களுக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் சொல்ல வேண்டும். படக்குழுவில் இருந்த இந்தோனேசியர்கள் பலருடைய பெயர் திரையில் இல்லை. 'பெயரிலி' என்று மட்டும் வருகிறது. ஆதியின் குடும்பம் ஊரை விட்டு நாட்டின் வேறொரு மூலைக்குப் போக வேண்டியிருந்தது. கிடைத்தது என்ன? 2012 அக்டோபரில் 'டெம்போ' வார இதழ் நாடெங்கும் நிருபர்களை அனுப்பிக் கொலையாளிகளின் வாக்குமூலங்களைத் திரட்டிச் சிறப்பிதழ் போட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரே கதையைப் படித்த நாடு வேறொரு கதையைப் பேசத் தொடங்கியது. 2023 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஜோகோ விடோடோ 1965, 66 கொலைகள் உள்ளிட்ட பழைய மீறல்களுக்கு வருத்தம் தெரிவித்தார். ஒருவர்மேலும் வழக்கு நடக்கவில்லை. அன்வர் காங்கோ 2019-இல் இறந்தார்.

கம்போடியாவை ஒரு காட்சிக்காக மட்டும் தொடுகிறேன். ரித்தி பான் கெமர் ரூஜ் ஆட்சியில் பெற்றோரை இழந்தவர். 2003-இல் அவர் எடுத்த 'எஸ்-21' படம், துவோல் ஸ்லெங் சிறையில் வேலை பார்த்த காவலர்களை மறுபடி அந்தக் கட்டடத்துக்கே கூட்டிக்கொண்டு வருகிறது. உயிர் தப்பிய மிகச் சிலரில் ஒருவரான ஓவியர் வான் நாத் அவர்கள் எதிரில் நிற்கிறார். நாங்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான், கட்டளைக்குக் கீழ்ப்படியாவிட்டால் எங்களையும் கொன்றிருப்பார்கள் என்கிறார்கள் காவலர்கள். நீங்களும் பாதிக்கப்பட்டவர்கள் என்றால் இங்கே இறந்தவர்கள் யார் என்று வான் நாத் அமைதியாகக் கேட்கிறார். இந்தக் கேள்விக்கு எந்த வழக்கறிஞராலும் இவ்வளவு எடை கொடுத்திருக்க முடியாது. கேட்கிறவர் அந்தத் தரையில் சங்கிலியில் கிடந்தவர். அங்கே தீர்ப்பாயமும் பிறகு வந்தது. சிறைத் தலைவர் துய்க் 2010-இல் தண்டிக்கப்பட்டார். படம் அதற்கு முந்தியது.

இனி நம் கண்முன் நடந்தது. முள்ளிவாய்க்காலில் கொன்றவர்களே ஒளிப்பதிவாளர்கள். சிப்பாய்கள் தங்கள் கைப்பேசிகளில் எடுத்துத் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட காட்சிகள் 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 வழியாக வெளியே வந்தன. கண்ணும் கையும் கட்டப்பட்ட மனிதர்கள் சுடப்படுகிறார்கள். காட்சிகள் போலி என்றது இலங்கை அரசு, ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் நியமித்த நிபுணர்கள் ஆராய்ந்து, உண்மையானவையாகவே தெரிகின்றன என்றார்கள். போரின் கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. பொதுச் செயலாளரின் நிபுணர் குழு 2011-இல் சொன்னது. கேலம் மக்ரே இயக்கி 2013-இல் வந்த 'நோ ஃபயர் ஸோன்' இந்தக் காட்சிகளையும் உயிர் தப்பியவர்களின் சாட்சியங்களையும் சேர்த்துக் கட்டியது.

மேடானில் பெருமை, தஞ்சையில் மறுப்பு. இலங்கையில் இரண்டும் சேர்ந்தே நடந்தன: முகாமுக்குள் வெற்றிப் படம், வெளியுலகத்துக்குப் பொதுமக்கள் ஒருவரும் சாகவில்லை என்ற அறிக்கை. எந்தச் சிப்பாய் அந்தக் கைப்பேசியைப் பிடித்திருந்தான்? அவனுக்கு யார் கட்டளை இட்டார்கள்? தன் பிள்ளையைக் கடைசியாக அந்தக் காட்சியில் பார்த்த ஒரு தாய் அவன் எதிரில் உட்கார்ந்து கேட்கும் படம் இன்னும் எடுக்கப்படவில்லை. எடுக்க விடமாட்டார்கள் என்பது ஒருபுறம். பார்க்கவே விடவில்லை என்பது இன்னொருபுறம். 2014 பிப்ரவரியில் நம்முடைய மத்தியத் தணிக்கை வாரியம் அந்தப் படத்துக்குச் சான்றிதழ் மறுத்தது. இலங்கையோடு உள்ள நட்புறவு கெடும் என்பதும் காரணங்களில் ஒன்று. மலேசியாவில் 2013-இல் அதைத் திரையிட்டதற்காக மனித உரிமைப் பணியாளர் லீனா ஹென்ட்ரிமேல் வழக்குப் போட்டு, 2017-இல் பத்தாயிரம் ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். கொன்றவர் எவரும் அபராதம் கட்டவில்லை. காட்டியவர் கட்டினார்.

தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தாமிரபரணிக்குள் விரட்டியதில் 17 பேர் இறந்தார்கள், ஆர்.ஆர். சீனிவாசன் அதைப் பற்றிப் படம் எடுத்தார். நான் பார்த்த தமிழ் ஆவணப்படங்களில் நெஞ்சுரம் குறைந்த படம் என்று எதையும் சொல்ல மாட்டேன். அவை பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று அவர்களைப் பேச வைக்கின்றன. அது முதல் கடமை, சரியாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் இருபது முப்பது ஆண்டுகளாக நாம் அழுதவர்களையே திரும்பத் திரும்ப அழ வைத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு டிசம்பரிலும் மைக்கோடு போகிறோம், அன்று இரவு என்ன நடந்தது என்று கேட்கிறோம். எரிந்த குடும்பத்தின் கிழவி மறுபடி அந்தக் குடிசைக்குள் போய் வர வேண்டியிருக்கிறது. தெருவின் மறுகோடிக்கு யாரும் மைக் கொண்டுபோவதில்லை. நினைவுகூரும் பாரத்தை முழுக்கப் பாதிக்கப்பட்டவர்கள் தலையில் ஏற்றிவிட்டோம். மறந்துவிடும் சலுகையை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். நான் சொல்ல வந்தது இதைத்தான். இந்தப் பாரத்தில் பாதியை அந்தப் பக்கம் இறக்கி வைக்க வேண்டும்.

அந்தப் பக்கம் போவதிலும் ஆபத்து உண்டு. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977-இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவல். வெண்மணியை அடிப்படையாகக் கொண்டது. மிராசுதாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாகக் காட்டிவிட்டது, கூலியும் சாதியும் பின்னுக்குப் போய்விட்டன என்று இடதுசாரி விமர்சகர்கள் அப்போதே சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டை நியாயமானது என்பேன். கொன்றவரின் மனதுக்குள் புகுந்து பார்க்கிறேன் என்று போனால் அவருடைய மனமே கதையாகிவிடும். 23 பேர் ஒரே இரவில் ஒரே சேரிக்குப் போனதற்குத் தனிமனித நோய் காரணமாக முடியாது. சங்கம் கூடியிருக்கிறது, முடிவு எடுத்திருக்கிறது, பண்ணை ஆட்களைத் திரட்டியிருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகளும் அந்த வகையைச் சேர்ந்தவை. கூட்டம் எங்கே நடந்தது, யார் பேசினார்கள், வழக்குச் செலவுக்கு யார் பணம் போட்டார்கள், மறுநாள் அறுப்புக்கு எங்கிருந்து ஆள் வந்தது, அந்த வருஷம் கூலி எவ்வளவு. மனசாட்சியைப் பற்றிக் கேட்டால் ஆள் அழுதுவிட்டுத் தப்பித்துக்கொள்வார். கணக்கைக் கேட்டால் தப்ப முடியாது.

வயதைப் பாருங்கள். 1968-இல் இருபது வயதாக இருந்தவர் இன்று எழுபதின் பின்பாதியைத் தாண்டிக்கொண்டிருக்கிறார். நேரடியாகச் செய்தவர்களில் மிச்சம் இருப்பவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். இருப்பது வாரிசுகள். பேரப்பிள்ளைகள்மேல் தாத்தாவின் குற்றத்தைச் சுமத்த நான் வரவில்லை. குற்றம் வாரிசுக்கு இறங்காது. நிலம் இறங்கும், வீடு இறங்கும், அந்த வீட்டில் சொல்லப்பட்ட கதை இறங்கும். எங்கள் தாத்தாமேல் பொய் வழக்குப் போட்டார்கள், கோர்ட்டே விடுவித்துவிட்டது என்று ஒரு பிள்ளை கேட்டு வளர்ந்திருக்கலாம். பெட்டிக்குள் பழைய கணக்கு நோட்டும் சங்கத் தீர்மானமும் வக்கீல் கடிதமும் இருக்கலாம். சுமத்ராவில் அந்த மகளுக்கு நேர்ந்ததுபோல, கேட்காமலே இருந்துவிட்ட ஒன்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாயிலிருந்து விழும். அன்று அவள் செய்ததைச் செய்வதா, அமீர் ஹசனின் வீட்டார் செய்ததைச் செய்வதா என்பதை அவரவர்தான் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்கும் அந்தத் தருணத்தைப் படம் உண்டாக்க முடியும். அதற்கு மேல் படத்தால் முடியாது.

மைதிலி சிவராமனைப் பற்றி உமா சக்கரவர்த்தி 'ஃப்ராக்மெண்ட்ஸ் ஆஃப் எ பாஸ்ட்' என்ற படத்தை எடுத்தார். வெண்மணியை உலகத்துக்கு எழுதிய மைதிலிக்கு முதுமையில் அல்சைமர் நோய் வந்து நினைவுகள் கழன்றுகொண்டிருந்த காலத்துப் படம் அது. 2021 மே மாதம் கொரோனாவில் அவர் காலமானார். அந்தப் படம் எடுக்கப்பட்டிராவிட்டால், எழுதியவற்றைத் தவிர மற்றதெல்லாம் அவரோடு போயிருக்கும். அவருக்காவது எழுத்து இருந்தது. முடிச்சூரில் மகன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் ஒரு நடவுப் பெண்ணுக்கு எதுவும் இல்லை.

அதனால் இந்த அவையிடம் ஒரு வேலை கேட்கிறேன். திரைப்படக் கல்லூரியும் பெரிய கேமராவும் இதற்கு வேண்டியதில்லை. பெருங்களத்தூர், தாம்பரம், வண்டலூர் சுற்றுவட்டாரத்தில் கீழத்தஞ்சையிலிருந்து வந்து குடியிருக்கும் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களை, எந்தத் தெருவைச் சேர்ந்தவரானாலும், உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள். சேரிப் பக்கத்துப் பெரியவர்களிடம் முதலில் போங்கள். என்ன கேட்க வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். தீயைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மறுதெருப் பெரியவர்களிடம் எதைக் கேட்க விரும்புகிறார்கள் என்று கேட்டு அந்தக் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவற்றை எடுத்துக்கொண்டு மறுதெருக்காரர் வீட்டுக்குப் போங்கள். போகும்போது யாருடைய கேள்வி இது என்று சொல்லிவிட்டே கேளுங்கள். மறைத்து வைத்த கேமரா வேண்டாம், ஏமாற்று வேண்டாம். கேள்வி கேட்ட குடும்பத்துக்கு ஆபத்து வரும் என்றால் பெயரை மறைத்துவிடுங்கள். மறுத்தால் மறுத்ததையும் பதிவு செய்யுங்கள். கதவு சாத்தியதும் ஒரு பதில்தான். பதிவின் ஒரு பிரதி இங்கே நூலகத்தில் இருக்கட்டும். இன்னொன்று கீழ்வெண்மணிக்குப் போக வேண்டும். அதில் எதை வெளியே காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதை அந்த ஊரார் சொல்லட்டும்.